அந்த அரை எங்கிருந்து வந்தது?

குளோரினின் அணு நிறை என்னவென்று கார்வேட்டிநகரத்துப் பள்ளிப் பிள்ளையைக் கேளுங்கள், 35.5 என்று பட்டென்று பதில் வரும். அந்த அரை எப்படி வந்தது என்றால் திருதிருவென்று விழிக்கும். அரைப் புரோட்டானா இருக்கிறது? இயற்கையில் நாலு குளோரின் அணுக்களில் ஏறத்தாழ மூன்றின் நிறை 35, ஒன்றின் நிறை 37. கூட்டினால் 142, நாலால் வகுத்தால் 35.5. பெருங்காயும் சிறுகாயும் கலந்த குவியலுக்குச் சராசரி போடும் சித்தூர் மாங்காய் மண்டிக்காரருக்கு இது பழகிய கணக்கு. பிள்ளைகளோ 35-ஐயும் 37-ஐயும் கூட்டிப் பாதியாக்கி, 36 என்று எழுதிவிட்டு மதிப்பெண்ணைத் தொலைக்கிறார்கள்.

கலவை மாறினால் சராசரியும் மாறும். இதற்கு இலங்கை மண்ணே சாட்சி. 1913-இல் ஐசோடோப்பு என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஃபிரெடரிக் சாடி, இலங்கைத் தோரைட் கனிமத்திலிருந்து பிரித்த ஈயம் சாதாரண ஈயத்தைவிடக் கனமானது என்று காட்டினார். தோரியம் சிதைந்து சிதைந்து கடைசியில் ஈயம்-208 ஆகிறது. சாதாரண ஈயத்தின் சராசரியோ 207.2. தனிமம் ஒன்றே, எடை வேறு! பாடநூல்கள் ஏனோ இதைச் சொல்வதில் கஞ்சத்தனம் காட்டுகின்றன. ஆசிரியர்களே, கரும்பலகையில் சூத்திரத்தை எழுதுமுன் இந்த ஈயக் கதையைச் சொல்லிவிடுங்கள்.