பசும்புல் யாருக்கு?

"ஏழைக்குப் பூங்கா எதற்கு? வீடும் வேலையும் கொடுத்தாற் போதாதா?" என வினவுவோர் நம்மிடையே உளர். இலண்டன் சென்று ஹைட் பூங்காவைக் காசின்றிக் கண்டு வியப்போரும் இவர்களே. அரசரின் வேட்டைக்காடாயிருந்த அந்நிலம் 1637இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டதை மட்டும் இவர்கள் எண்ணிப்பார்ப்பதில்லை.

கொழும்பிலும் இவ்வுரிமை புதியதன்று. 1859இல் காலிமுகக் கடலோர நடைபாதை நிறைவெய்தியபோது, நகரத்துப் பெண்கள், சிறுவர்களின் நலன் கருதி அதனைப் பேணுமாறு, ஆளுநர் ஹென்றி வார்ட் தமக்குப் பின்வருவோரைக் கல்வெட்டின் மூலம் வேண்டிக்கொண்டார்.

ஆயினும் மட்டக்குளித் தொழிலாளிக்குக் காலிமுகத்திடலும் விகாரமகாதேவிப் பூங்காவும் தொலைவிலேயே உள்ளன. அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை; ஆனால் நால்வர் கொண்ட குடும்பம் சென்று திரும்பப் பேருந்துக் கட்டணம் உண்டு. இதனை இலவசம் என்பது எங்ஙனம் பொருந்தும்?

மட்டக்குளிக்கெனக் காக்கைத்தீவுக் கடற்கரை இருக்கின்றது. களனி கங்கை கடலோடு கலக்குமிடத்தை அடுத்த அக்கரையில் மாலைக் கதிரவனைக் காண எவரும் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால், மேற்புறத்து ஊர்கள் ஆற்றில் எறியும் பிளாஸ்டிக்கும் குப்பையும் அங்கேயே வந்து ஒதுங்குகின்றன. நகரம் முழுவதும் சேர்க்கும் அழுக்கை அதன் வடகோடி சுமப்பதா?

ஒற்றை அறையில் ஒரு குடும்பமே உறங்கும் வீட்டுப் பிள்ளைக்கு, ஓடியாட வெளியே இடம் வேண்டும். தோட்டமுள்ள வீட்டாரைவிட அவனுக்கே பூங்கா இன்றியமையாதது. எனவே கொழும்பு 7இன் புற்றரைக்குக் கிடைக்கும் அதே பராமரிப்பு கொழும்பு 15இன் கரைக்கும் கிடைத்தல் வேண்டும். இது சலுகையன்று, வரி செலுத்தும் மக்களின் உரிமை.