மாத்திரையை நிறுத்தச் சொன்னவர் யார்?



சென்ற ஞாயிறு காலை நொச்சிக்குப்பத்தில் மீன் வாங்கச் சென்றிருந்தேன். எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் பை நிறைய மத்தி வாங்கிக்கொண்டிருந்தார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஓராண்டுகூட ஆகாதவர். "கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திட்டேன் ஹஜ்ரத். சாப்பாட்டுல உள்ள கொழுப்பையும் வைட்டமினையும் உடம்புல சேர விடாதாம். வாட்ஸப்ல வந்துச்சு. இனிமே மீனும் கருஞ்சீரகமும்தான்" என்றார்.

அவர் உண்டுவந்தது அட்டோர்வாஸ்டாட்டின். ஸ்டாட்டின் வகை மருந்துகள் குடலில் கொழுப்பைத் தடுப்பவை அல்ல. கல்லீரல் கொலஸ்ட்ராலை உருவாக்குவதைக் குறைப்பவை. மத்தியின் கொழுப்பும் அதிலுள்ள வைட்டமின் டியும் வழக்கம்போல் உடலில் சேரும். வதந்தியின் வேர் வேறொரு மருந்தில் இருக்கிறது. கொலஸ்டிரமின் என்னும் தூள், குடலில் பித்த அமிலங்களைப் பற்றி வெளியேற்றிவிடும். அந்த இழப்பை ஈடுசெய்யக் கல்லீரல் இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளும். ஆனால் கொழுப்பு செரிக்கப் பித்தம் வேண்டுமே! ஆகவே அத்தூளை அதிக அளவில் நீண்டகாலம் உண்பவர்க்கு ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் குறையக்கூடும். பிற மருந்துகளையும் அது பற்றிக்கொள்ளும் என்பதால், அவற்றை 1 மணி நேரம் முன்போ 4 முதல் 6 மணி நேரம் கழித்தோ உண்ணச் சொல்வார்கள். ஒரு மருந்தின் குறையை இன்னொன்றின் மீது சுமத்துவது, சாட்சியின்றி ஒருவரைக் குற்றவாளியாக்குவதற்கு ஒப்பாகும்.

கருஞ்சீரகம் பற்றிய ஹதீஸ் ஸஹீஹானது. நானும் பாடம் நடத்துகிறேன். மருத்துவர் தந்த மாத்திரையை எறிந்துவிடுமாறு அதில் எங்கே இருக்கிறது? ஸஅத் (ரலி) அவர்கள் நெஞ்சு நோயுற்றபோது, நலம் விசாரிக்க வந்த நபி (ஸல்) அவர்கள், ஹாரிஸ் பின் கலதா என்னும் மருத்துவரிடம் செல்லுமாறு பணித்ததாக அபூதாவூதில் அறிவிப்பு உள்ளது. (அதன் அறிவிப்பாளர் தொடரில் விமர்சனம் உண்டு என்பதை அறிவேன், மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவும் பலமான ஹதீஸ்கள் வேறு இருக்கின்றன.)

தமிழக அரசு 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு உடனே தரப்படும் மூன்று மருந்துகளில் இதே அட்டோர்வாஸ்டாட்டினும் ஒன்று. அதைத்தான் விஷம் என்று பரப்புகிறோம்.

சிலருக்குத் தசைவலி வரும்; மறுக்கவில்லை. மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார் அல்லது மருந்தை மாற்றுவார். ரமளானும் சாக்கல்ல, நாளுக்கு ஒருமுறை உண்ணும் மாத்திரையை இஃப்தாருக்குப் பின் உண்ணலாம்.

அன்று மாலையே பெரியவரின் மகனிடம் பேசினேன். மறுநாள் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். மாத்திரை மீண்டும் தொடங்கிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். அச்செய்தியை ஜமாஅத் குழுவில் போட்டவர் மட்டும் இன்றுவரை மறுப்பு ஏதும் போடவில்லை.