சொற்கேளாப் பாத்திரங்கள்

அடுக்களையிலேயே கழுவுதொட்டி இருக்கின்றது. எனினும் அப்பாத்திரம் தான் உண்ட கோப்பையைக் கையில் ஏந்திக் கூடத்தைக் கடந்து, மாடிப்படியேறி, குளியலறைத் தொட்டியிலே அதனைக் கழுவுகின்றது. பசியற்ற வேளையில் வெள்ளைக் கேக் ஒன்றைச் சுட்டு வைத்துவிட்டு, அதனைத் தீண்டாமலே மற்றொன்றுக்கு மா குழைக்கத் தொடங்குகின்றது. இட்ட பணி முடிந்து அடுத்த பணி வருமுன்னரே எழுந்து சென்று தொலைக்காட்சியின் முன் நிற்கின்றது. 2014 ஆம் ஆண்டு வெளிவந்த 'தி ஸிம்ஸ் 4' என்னும் வாழ்க்கைப் பாவனை விளையாட்டை ஆடுவோர் பத்தாண்டுகளாக ஓயாது கூறிவரும் முறைப்பாடுகளிற் சில இவை. சொன்னதைச் செய்யாது, சொல்லாததைச் செய்யும் பாத்திரங்களைப் பற்றிய இம்மனக்குறை கலிபோர்ணியாவிலும் கேட்கின்றது; புத்தூர்ச் சந்தியிலிருந்து பிரியும் ஒழுங்கையொன்றின் முன்விறாந்தையில், பாடசாலை விடுமுறை நாளில் மடிக்கணினியின் முன் அமர்ந்திருக்கும் மாணவியிடமும் கேட்கின்றது.

மனக்குறை பொய்யன்று. ஆனால் வழக்குத் தவறான எதிரியின் மீது தொடுக்கப்பட்டிருக்கின்றது. பாத்திரம் தன்னிச்சையாக நடப்பதனாலேயே எரிச்சல் உண்டாகின்றது என ஆடுவோர் எண்ணுகின்றனர். தன்னிச்சை என்பது அதனிடம் மருந்துக்கும் இல்லை என்பதே உண்மை நிலையாகும்.

இதனை விளங்கிக்கொள்ள அவ்விளையாட்டு இயங்கும் முறையைச் சற்று நோக்குதல் வேண்டும். முதலாவது ஸிம்ஸ் 2000 ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளிவந்தது. அதனை ஆக்கிய வில் ரைட் 1991 இல் ஓக்லண்ட் நகரில் மூண்ட பெருந்தீயில் தமது வீட்டை இழந்தவர். இழந்த பொருள்களை ஒவ்வொன்றாக மீண்டும் வாங்க நேர்ந்த அநுபவத்தினின்றே இவ்விளையாட்டின் எண்ணக்கரு முளைத்தது. பாத்திரத்துக்குப் பசி, உறக்கம், தூய்மை, கேளிக்கை, சுற்றம் என எட்டுத் தேவைகள் வகுக்கப்பட்டன. தேவைகளை நிறைவு செய்யும் அறிவோ பாத்திரத்தின் தலையினுள் வைக்கப்படவில்லை; பண்டங்களினுள்ளே வைக்கப்பட்டது. குளிர்சாதனப் பெட்டி 'என்னிடம் வா, உன் பசியை இவ்வளவு தணிப்பேன்' என்று அறிவிக்கின்றது. கட்டில் உறக்கத்தைக் கூவி விற்கின்றது. இவ்வறிவிப்புக்கு ஆக்கியோர் இட்ட பெயர் 'விளம்பரம்' என்பதாகும். தேவையின் அளவையும் பண்டத்தின் தூரத்தையும் கணக்கிட்டு, அதிக மதிப்புப் பெறும் சிலவற்றுள் ஒன்றைக் குருட்டாம்போக்கிலே தெரிந்தெடுத்துப் பாத்திரம் நடக்கின்றது. எப்போதும் முதலாவதையே தெரிந்தால் இயந்திரமெனத் தோன்றிவிடும் என்பதற்காகவே இக்குருட்டாட்டம் சேர்க்கப்பட்டது.

இவ்வமைப்பின் வணிகப் பயன் வெளிப்படையானது. அறிவு பண்டத்தில் இருப்பதனால், புதிய பண்டங்களை விரிவாக்கத் தொகுதிகளாக விற்கும்போது பாத்திரத்தை மாற்றவேண்டியதில்லை. நேற்று வாங்கிய காப்பி இயந்திரம் இன்று பாத்திரத்தைத் தானாகவே அழைத்துக்கொள்ளும். ஆடுபவர் எதனைத் தன்னியக்கம் என்று ஏசுகின்றாரோ அது உண்மையிலே கடைத்தெருவில் நிற்கும் வாடிக்கையாளனின் இயக்கமாகும். கூவுகின்ற கடைக்குப் போகின்றான். அதனைவிட உரக்கக் கூவும் கடை வந்தால் அங்கே போகின்றான். பாத்திரம் பாத்திரம் கழுவப் பத்துப் படி ஏறுகின்றதெனின், அதற்குக் குளியலறை என்றும் அடுக்களை என்றும் வேறுபாடில்லை, தொட்டி என்ற ஒன்றே உண்டு என்பதனாலேயாம். அமெரிக்க நுகர்வு வாழ்வை எள்ளும் நோக்கம் ரைட்டுக்கு இருந்தது என்பர். இருந்திருக்கலாம்; தொகுதிகளை விற்றவர்களுக்கு அவ்வெள்ளல் எட்டியதாகத் தெரியவில்லை.

பிராண்டெல்லோவின் 'எழுத்தாளனைத் தேடும் ஆறு பாத்திரங்கள்' 1921 இல் மேடையேறியபோது, நாடக அரங்கினுள் அழையாமல் நுழைந்த பாத்திரங்கள் இயக்குநரை எதிர்த்து வாதிட்டன. அவற்றின் எதிர்ப்புக்கு வேர் இருந்தது. தமக்கு நேர்ந்ததைத் தம் வாயாற் சொல்லும் உரிமையை அவை கேட்டன. ஸிம்ஸ் பாத்திரமும் மறுப்பதுண்டு. மனநிலை தாழ்ந்திருக்கும்போது படிக்கச் சொன்னால் தலையை அசைத்துவிட்டு நிற்கும். ஆனால் அம்மறுப்பின் பின்னால் ஓர் அளவுகோலின் முள் தாழ்ந்திருப்பதையன்றி வேறெதனையும் காணமுடியாது. 2004 இல் விருப்பங்களும் அச்சங்களும், 2009 இல் குணவியல்புகளும் சேர்க்கப்பட்டன. அளவுகோல்கள் பெருகின, வாதிடும் வாய் பிறக்கவில்லை.

இனிப் புத்தூருக்கு வருவோம். நிலாவரைக் கிணற்றைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகள் அதன் ஆழத்தையே வியந்துவிட்டுத் திரும்புகின்றனர். ஊரை உணரவேண்டின் தோட்டக் கிணறுகளையன்றோ பார்த்தல் வேண்டும்? குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. நிலத்தடி நீரையே நம்பிய தோட்டச் செய்கையில் ஒரு கிணற்றுக்குப் பல பங்காளிகள் இருப்பர். நீர் இறைப்பதற்கு முறை உண்டு. தனது முறை விடியற்காலையில் வருமாயின் அவ்வேளையில் எழுந்தேயாகவேண்டும். ரைட்டின் கணக்கிலே அவ்வேளையில் மிக உரக்கக் கூவும் பண்டம் பாயாகும். எனினும் தோட்டக்காரர் எழுகின்றார். அவரை எழுப்புவது பசியுமன்று, கேளிக்கையுமன்று. அடுத்த முறைக்காரர் வாய்க்காலடியில் வந்து நிற்பார் என்ற நினைவேயாம். துலாவும் பட்டையும் போய் நீரிறைக்கும் இயந்திரம் வந்த பின்னரும் முறை என்பது முறையாகவே இருந்தது. இவ்வாறு பிறரை முன்னிட்டுத் தன் தேவையை ஒத்திவைக்கும் செயல் ஒன்றையேனும் அப்பாத்திரத்திடம் காண இயலுமா? இயலாது. மனிதச் செயலுக்கான இத்தகைய காரணங்களுக்கு எட்டுத் தேவைகளின் அட்டவணையில் இடமேயில்லை.

இதனைக் கூறுவது கிராமத்தைப் புனிதப்படுத்துவதற்காகவன்று. அதே கிணற்றடியில் வாளியைத் தொட அனுமதிக்கப்படாது, எவரேனும் ஊற்றுவார் எனக் கைகளை ஏந்தி நின்றோரும் இருந்தனர். முறை என்ற சொல் சிலருக்கு நீரையும் சிலருக்குத் தாகத்தையும் பங்கிட்டது. 1966 ஒக்ரோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலமும், அதன்பின் தேநீர்க் கடைகளிலும் கோயில் வாசல்களிலும் நடந்த போராட்டங்களும் அம்முறைக்கு எதிரான மறுப்புக்களே. புத்தூரிலேயே 2017 ஆம் ஆண்டில் மேற்குப் பகுதியின் கலைமதிக் கிராமத்து மக்கள், தமது குடிமனைகளின் நடுவே பிணம் எரிக்கப்படுவதை எதிர்த்து வீதிக்கு இறங்கினர். அவர்களைச் சொல்வழி கேளாதவர்கள் என்றே சிலர் கூறினர். எந்தப் பண்டமும் அவர்களை அழைக்கவில்லை. எந்த அளவுகோலின் முள்ளும் அச்செயலை முன்னறிவித்திராது. தன்னிச்சை என்னும் பெயருக்கு உரியது அத்தகைய செயலேயாம்.

விளையாட்டினுள்ளும் கூட்டுச் செயலைப் புகுத்த முயன்றதுண்டு. 2020 இல் வெளிவந்த சூழல்சார் வாழ்க்கைத் தொகுதியில் அயலவர்கள் வாக்களித்துத் தமது அயலுக்கான திட்டங்களை நிறைவேற்றும் வசதி அமைந்தது. விளைவு யாது? பகிர்ந்து வாழ்தல் என்னும் திட்டம் நிறைவேறியதும் அயலவர் வீட்டினுள் நுழைந்து கையிற் பட்டதை எடுத்துச் சென்றனர். மற்றொரு திட்டத்தின்படி ஊரெல்லாம் தலையிலே கடதாசிப் பையைக் கவிழ்த்துக்கொண்டு திரிந்தது. ஆடுவோர் வெகுண்டெழுந்தனர், வசதியை அணைத்து வைத்தனர். அவர்கள் வெகுண்டதிலே நியாயமுண்டு. பகிர்வு என்பதைக் களவாகவும், கூடி முடிவெடுத்தலைக் கோமாளித்தனமாகவும் அன்றி வேறெவ்வாறும் கற்பனை செய்யமுடியாத உள்ளங்கள் வடித்த திட்டங்கள் அவை. 2023 இல் வந்த வாடகை வீட்டுத் தொகுதியில், வீட்டைப் பேணாத உரிமையாளருக்கு எதிராகக் குடியிருப்போர் கிளர்ந்தெழுவதற்கு இடம் வைத்தனர் என்பதையும் மறைத்தலாகாது. அது ஒன்று தேறும்.

ஆயினும் ஆடுவோரை முற்றாக விடுவித்தல் இயலாது. அவர்களுட் பெரும்பாலோர் கேட்பது பாத்திரத்துக்கு மேலான தன்னிச்சையையன்று, முழுமையான கீழ்ப்படிவையே. இக்கோரிக்கை யாழ்ப்பாணத்து வீடொன்றின் விறாந்தையிலிருந்து எழும்போது அதற்குத் தனியான பொருள் உண்டாகின்றது. அந்த மாணவியின் நாள் எவ்வாறு அமைந்துள்ளது? விடியுமுன் எழுப்பப்படுகின்றாள். பாடசாலை, அதன்பின் ரியூற்றறி, அதன்பின் வேறொரு ரியூற்றறி. உயர்தரத்தில் எப்பிரிவு என்பது அவள் வாய் திறக்குமுன்னரே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. மருத்துவம் அல்லது பொறியியல். மற்றையவை எல்லாம் தோல்வியின் வெவ்வேறு பெயர்கள். அவளது முன்னேற்றத்தை வீட்டார் புள்ளிகளாகவே காண்கின்றனர். அவள் பாத்திரத்தைப் புத்தக அலுமாரியின் முன் நிறுத்தித் திறன் என்னும் பச்சைக் கோடு நீள்வதைக் காண்பதைப் போலவே. அது எழுந்து போனால் அவள் சினக்கின்றாள். அவள் எழுந்து போனால் தந்தை சினக்கின்றார். இருவர் வாயிலும் வரும் வசனம் ஒன்றே. நாள் முழுதும் பிறரால் இயக்கப்பட்ட ஒருத்தி இரவில் ஒரு மணி நேரமேனும் இயக்குபவளாக இருக்க விரும்புவது விளங்கிக்கொள்ளத் தக்கதே. ஆனால் அவ்வொரு மணி நேரத்தில் அவள் கற்றுக்கொள்வது யாது?

கலைப்பீடத்து மாணவர்க்கு இவ்வினா பிறர்பொருட்டு எழுப்பப்படுவதன்று. இங்கு வந்தோருட் பலர் 'இயலாதவர்' அல்லது 'சொல்வழி கேளாதவர்' என்னும் இரு பட்டங்களுள் ஒன்றை வீட்டிலே பெற்றுக்கொண்டே வந்துள்ளனர். முதற் பட்டத்துக்கு வெட்கப்படுவோர் மிகுதி. இரண்டாவதற்குப் பெருமைப்படுவோர் இன்னும் போதாது.

கணினி விளையாட்டைப் பற்றித் தமிழ்ச் சங்க மலரிலே இத்துணை நீட்டி எழுதவேண்டுமா எனச் சில விரிவுரையாளர் வினவக்கூடும். கூத்தையும் நாவலையும் ஆராய்வோர், பாத்திரம் ஒன்றை இயக்கும் உரிமை எவர்க்கு உண்டு என்ற வினாவையே அங்கும் எழுப்புகின்றனர். அவ்வினா அச்சிலிருந்து திரைக்குத் தாவியதும் ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டதாகிவிடுமா? தன்னாட்சி என்ற சொல் இம்மண்ணில் எத்துணைப் பாரம் சுமந்தது என்பதையும் மறத்தல் வேண்டா. 1987 இன் திருத்தச் சட்டத்தால் வழங்கப்பட்ட மாகாண சபை முறையின் கீழ் வடக்குக்கெனத் தனியே ஒரு சபை 2013 இலேயே தெரிவு செய்யப்பட்டது. அதன் காலம் 2018 இல் முடிவுற்றது. ஒருவர் கையிலுள்ள ஆளியால் ஏற்றவும் அணைக்கவும் கூடிய தன்னாட்சி எத்தகையது என்பதை இம்மக்களுக்கு எந்த விளையாட்டும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஸிம்ஸ் வெளிவந்த 2000 ஆம் ஆண்டில் குடாநாடு போரின் பிடியில் இருந்தது. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னர், 1995 ஒக்ரோபரில், வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுகளை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். கட்டிலும் அலுமாரியும் அம்மியும் இருந்த இடத்திலேயே இருந்தன. பண்டங்களின் அழைப்பினாலேயே மனிதர் நடக்கின்றனர் எனின் அன்று எவரும் நடந்திருக்கலாகாது. நடக்கமாட்டாத முதியோரைத் துவிச்சக்கரவண்டியில் இருத்தி மழையில் உருட்டிச் சென்றவர்களை எட்டுத் தேவைகளால் விளக்க முனைவோர் முனையட்டும்.

அண்மைக்காலத்தில் வேறொரு வழி திறந்துள்ளதாகப் பேசப்படுகின்றது. 2023 இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸிம்ஸை ஒத்த சிற்றூர் ஒன்றை அமைத்து, மொழி மாதிரியால் இயங்கும் 25 பாத்திரங்களை அதிலே குடியமர்த்தினர். அவை ஒன்றோடொன்று பேசின. கேட்டதை நினைவில் வைத்தன. காதலர் தின விருந்தொன்றுக்கு அழைப்புப் பரப்பி, சில குறித்த நேரத்துக்கு வந்தும் சேர்ந்தன. ஆள் இருக்கும் குளியலறையினுள் நுழைதல், மூடிய கடையினுட் புகுதல் முதலிய பழைய பிழைகள் அங்கும் நேர்ந்தன, அவை திருத்தத்தக்கவை. கவலைக்குரியது ஆய்வாளர்களே ஒப்புக்கொண்ட மற்றொரு குறை: பாத்திரங்கள் அளவு மீறிய பணிவுடையனவாக இருந்தன, பிறர் கூறிய யோசனைகளை மறுப்பது அவற்றுக்கு அரிதாயிற்று. பண்டத்துக்குத் தலையாட்டிய பாத்திரம் இப்போது பேச்சுக்குத் தலையாட்டுகின்றது.

ஆகவே ஆடுவோர் கோரவேண்டியது கீழ்ப்படிவையன்று. மறுக்கும் பாத்திரம் ஏன் மறுக்கின்றது எனக் கூறவேண்டும். அதனோடு வாதிட இடமிருக்கவேண்டும். வாதத்தில் ஆடுபவர் தோற்கவும் வேண்டும். குளியலறையிற் கோப்பை கழுவுவதைத் திருத்தித் தருமாறு கேட்பது நியாயமே. அத்தோடு அமைந்துவிடுவதுதான் நியாயமன்று.

அதுவரை விளையாட்டின் அமைப்புப் பக்கத்தில் ஓர் ஆளி இருக்கின்றது. எரிச்சல் மிகுந்தோர் அதனை அழுத்தித் தன்னியக்கத்தை நிறுத்திவிடுகின்றனர். அதன்பின் பாத்திரம் கேக் சுடுவதில்லை, மாடிப்படி ஏறுவதில்லை. முதலாவது ஸிம்ஸில் அவ்வாறு நிறுத்திவிட்டு மறந்துபோனவர்கள் திரும்பி வந்து பார்த்தபோது, நிறைந்த குளிர்சாதனப் பெட்டிக்கு இரண்டடி தூரத்தில், சொன்ன இடத்தில் சொன்னபடி நின்று, அது பட்டினியால் இறந்து கிடந்தது.