மேலே போனால் குற்றம், கீழே வந்தால் பயிற்சியா?

போன நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க எங்கள் கிளைக்கு ஒரு ஓய்வுபெற்ற ஹவில்தார் வந்தார். வேலூர்ப் பக்கம். மகனுக்கு இங்கே அம்பாலாவில் வேலை. கவுன்டருக்கு அந்தப் பக்கம் தமிழ் கேட்டால் விடுவேனா? உட்காரவைத்து டீ சொன்னேன்.

"பதினோராவது வருஷ சர்வீஸ் தம்பி. சின்ன வயசு ஆபீசர் ஒருத்தன், எல்லார் முன்னாலயும் எங்கம்மாவை இழுத்துத் திட்டினான். நான் வாயைத் திறக்கல. பென்ஷனுக்கு இன்னும் நாலு வருஷம் பாக்கி."

அன்று ராத்திரி 1950-ஆம் வருட ராணுவச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். நான் வக்கீல் இல்லை, பி.காம்.தான். ஆனால் பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் சரிபார்க்கத் தெரியும். இங்கே இரண்டு பக்கமும் டேலி ஆகவில்லை ஐயா!

பிரிவு 40-இல் மேலதிகாரியிடம் பேசும் அடங்காத பேச்சுக்கென்றே தனி உட்பிரிவு இருக்கிறது. ஐந்து வருஷம் வரை சிறை. சரி, மேலதிகாரி கீழே இருப்பவனைத் திட்டினால்? பிரிவு 47. கீழுள்ளவரை அடிப்பது 'அல்லது வேறு விதமாகக் கொடுமைப்படுத்துவது' குற்றம், ஏழு வருஷம் வரை. "ஏழு அதிகமாச்சே" என்பீர்கள். ஆனால் அதில் 'பேச்சு' என்ற சொல்லே இல்லை. அம்மாவைத் திட்டியதும் கொடுமைதான் என்று முதலில் நிரூபிக்க வேண்டும். ஜவான் பேசினால் பேச்சே குற்றம். ஆபீசர் பேசினால் அது குற்றமா என்பதே விவாதம்.

நடைமுறை இன்னும் மோசம். ஜவான் மீது சம்மரி கோர்ட் மார்ஷல் என்றால் கமாண்டிங் ஆபீசர் ஒருவரே கோர்ட். அவர் லெப்டினன்ட் கர்னலோ அதற்கு மேலோ என்றால் ஒரு வருஷம் வரை சிறை கொடுக்கலாம். ஆபீசரை அப்படி விசாரிக்க முடியாது. அமைதிக் காலத்தில் அவருக்கு ஜெனரல் கோர்ட் மார்ஷல் கூட்டவேண்டும், குறைந்தது ஐந்து ஆபீசர்கள் உட்காரவேண்டும். ஒரு வசவுக்காக யார் அதைக் கூட்டுவார்கள்?

புகார் கொடுக்க பிரிவு 26 இருக்கிறது. கம்பெனி கமாண்டரிடம் சொல்லலாம். அவர் மீதே புகார் என்றால் அவருக்கு மேலே உள்ளவரிடம். காகிதத்தில் அழகுதான். ஆனால் புகார் கொடுத்தவன் மறுநாள் காலை அதே பரேடில்தான் நிற்கவேண்டும். லீவு கேட்கப்போவதும் அதே ஆட்களிடம்தான்.

"ராணுவம்னா அப்படித்தான் சார், திட்டாம பயிற்சி உண்டா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். அமெரிக்க ராணுவச் சட்டத்தின் 117-ஆம் பிரிவு, ஆத்திரமூட்டும், இழிவான பேச்சை ராணுவத்தான் எவனிடம் பேசினாலும் குற்றம் என்கிறது. பதவி பார்ப்பதில்லை. பயிற்சிக்காகவும் ஒழுங்குக்காகவும் முறையாகக் கண்டிப்பது இதில் சேராது என்று அவர்களுடைய கோர்ட் மார்ஷல் கையேடே விளக்குகிறது. கண்டிப்பது வேறு, அம்மாவை இழுப்பது வேறு. அவர்களால் கோடு போட முடிகிறது, நம்மால் முடியாதா?

கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 47-இல் 'இழிவான பேச்சு' என்று இரண்டே சொற்கள் சேருங்கள். புகாரை விசாரிப்பவர் அந்த யூனிட்டுக்கு வெளியே இருந்து வரட்டும். அவ்வளவுதான்.

வெளியூரில் பிழைக்க வந்த நமக்கு வசவின் முதல் பாதி தெரியும்: 'மதராசி'. பிடிக்காவிட்டால் மாற்றல் கேட்கலாம், ராஜினாமா கொடுக்கலாம். ஜவான் பாதியில் எழுந்து போனால் அதற்கும் ஒரு பிரிவு காத்திருக்கிறது. உங்கள் வீட்டுப் பையன் லீவில் வரும்போது சம்பளம், கேன்டீன் சாமான் மட்டும் விசாரிக்காதீர்கள். அங்கே எப்படிப் பேசுகிறார்கள் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஹவில்தார் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார். "எங்கம்மா போயிருச்சு தம்பி. கடைசிவரைக்கும் இதை அதுகிட்ட சொல்லல" என்றார். டீ அப்படியே ஆறிக்கிடந்தது.