ஜிசிஎஸ் 15/15, அப்புறம்?

தலைக்காயத்துக்கு அரசு மருத்துவமனையில் சேர்ந்த யாரோட டிஸ்சார்ஜ் சம்மரியை வேணும்னாலும் எடுத்துப் பாருங்க. "ஜிசிஎஸ் 15/15, நினைவு தெளிவாக உள்ளது"ன்னு முடியும். கண்ணைத் திறக்கிறாரா, பேசறாரா, சொன்னா கையைத் தூக்கறாரா, அவ்வளவுதான் ஜிசிஎஸ். 15 வாங்கின டூவீலர் மெக்கானிக் மறுபடி ஸ்பேனர் பிடிப்பாரா, பிள்ளைங்க மேல எரிஞ்சு விழாம இருப்பாரான்னு அது சொல்லாது. (இழை)

இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பர்ல வந்துச்சு. விபத்து நடந்து முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். அருமையான திட்டம், மறுக்கவே இல்ல. ஆனா ஆறாவது மாசம் அந்த ஆள் எப்படி இருக்கார்? எங்க வார்டு ரிஜிஸ்டர்ல அதை எழுத ஒரு கட்டம்கூட கிடையாது.

அளவுகோல் இல்லாம இல்ல. கிளாஸ்கோ அவுட்கம் ஸ்கேல் 1975லயே வந்தாச்சு. 90கள்ல கம்யூனிட்டி இன்டகிரேஷன் கொஸ்டினர் வந்துச்சு. வீடு, வெளிப்பழக்கம், வேலை பத்தி 15 கேள்வி, மொத்தம் 29 மார்க்.

அதை அப்படியே மொழிபெயர்த்து ஓபியில நீட்டறவங்ககிட்டதான் என் சண்டை. "வீட்ல சமையல் யாரு?" நான் மட்டும்னா 2, வேற ஆள்னா 0. நம்மூர் 45 வயசு ஆம்பளை அடிபடறதுக்கு முன்னாடியே சுடுதண்ணி வச்சதில்லைங்க! அவருக்கு முட்டை மார்க் போட்டு மூளைக்காயத்து மேல பழி. இன்னொரு பக்கம், அடிபட்ட மருமக தலைவலியோட மூணு வேளையும் அடுப்படியில நிக்கறாங்க. கோயில் திருவிழாவுக்குக்கூட வெளிய விடறதில்ல. சமையல் கேள்வியில அவங்களுக்கு ஃபுல் மார்க்.

கேக்க வேண்டியது, முன்னாடி செஞ்சதுல எது நின்னு போச்சுங்கறதை. ரேஷன் கடைக்குத் தனியா போறாரா? மீதிச் சில்லறையைச் சரியா எண்ணி வாங்கறாரா? நூறு நாள் வேலைக்கு வர்றாரா? கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்களா, இல்ல வீட்டுக்குக் காவலா விட்டுட்டுப் போறாங்களா? இதையே வீட்டு ஆள்கிட்ட தனியாவும் கேக்கணும். நெத்திப்பக்க மூளையில அடிபட்டவர் பலநேரம் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்"னுதான் சொல்வார். பொய் இல்ல, அவருக்கே தெரியாது.

"ஆள் எங்க டாக்டர்?"னு கேப்பாங்க. மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் பிரஷர், சுகர் மாத்திரையோட வீடு வீடா போறாங்களே, அந்தப் பையில ஒரு தாள் சேர்க்க முடியாதா?

இது வெறும் ஆராய்ச்சி ஆசை இல்ல. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல 21 வகை இருக்கு, தலைக்காயம்னு தனி வரி இல்ல. கை விளங்கலைன்னா சதவீதம் போட்டுடலாம். மறதி, கோபம், வேலையில நிலைக்க முடியாததுன்னா ஏதாவது ஒரு வகைக்குள்ள திணிக்கணும், 40 சதவீதம் தேத்தணும். எழுத்துல எதுவும் இல்லாம எதை வச்சு தேத்தறது?

உங்க வீட்ல அப்படி யாராவது இருந்தா, அடிபட்டதுலேருந்து நின்னு போனதை எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிட்டு ரிவ்யூவுக்கு வாங்க. ஸ்கேனைப் பார்த்துட்டு "நார்மல்"னு டாக்டர் சொன்னா, அந்தப் பேப்பரை நீட்டி கேஸ் ஷீட்ல ஏத்தச் சொல்லுங்க. அது நானா இருந்தாலும் சரி.