படகைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இடைநிலைப்பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு நடுவர்களில் ஒருவனாகச் சென்றிருந்தேன். இரண்டு குழுக்கள் தோட்ட ரயிலையும் அதன் அருகே இங்கிலாந்துக் கால்வாய் ஒன்றையும் செய்திருந்தன. முதல் குழுவின் படகு கண்ணைப் பறித்தது. சிவப்பும் பச்சையும் தீட்டி, நீல வண்ணப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். இரண்டாம் குழு ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் ஊற்றிப் படகை மிதக்க விட்டிருந்தது. அது ஒரு பக்கமாகச் சற்றே சாய்ந்திருந்தது. பரிசு முதல் குழுவுக்குப் போனது. நானும் தலையாட்டினேன். அது தவறான தீர்ப்பு என்று இன்று எண்ணுகிறேன். காரணத்தைச் சொல்கிறேன், மாணவர்களே.

இங்கிலாந்தில் கால்வாய்க்கும் தண்டவாளத்துக்கும் உள்ள உறவு பழையது. பக்ஸ்வொர்த் படகுத்துறையில், மலையிலிருந்து தண்டவாள வண்டிகளில் இறங்கிவந்த சுண்ணாம்புக்கல் படகுகளுக்கு மாற்றப்பட்டது. அப்படகுகளின் வடிவத்துக்கும் ஒரு காரணம் உண்டு. 1766-இல் தொடங்கிய டிரென்ட் - மெர்சி கால்வாயில், படகை ஏற்றி இறக்கும் மதகு அறைகளை ஏறக்குறைய 7 அடி அகலத்தில் அமைக்கத் திட்டமிட்டார் பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி. படகுகளும் அதற்குள் அடங்கி, 70 அடி நீளத்துக்கு நீண்டன. கரையில் நடக்கும் ஒரே குதிரை, சுமார் 25 டன் சரக்கோடு அப்படகை இழுத்துவிடும்.

தோட்ட ரயிலில் பரவலாக உள்ள அளவு 1:22.5. இந்த அளவில் 45 மில்லிமீட்டர் தண்டவாளம் ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலப் பாதையைக் குறிக்கும். நம் நாட்டு கே.டி.எம். பாதையின் அகலமும் ஒரு மீட்டர்தான். 70 அடி என்பது 21.3 மீட்டர். அதை 22.5-ஆல் வகுத்தால் படகின் நீளம் 95 சென்டிமீட்டர். அகலம் 9 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். இதுவரை ஒட்டிய படகும் மிதக்கும் படகும் ஒன்றுதான்.

எடைக்கு வரும்போதுதான் பாடம் தொடங்குகிறது. சரக்கோடு உண்மைப் படகின் எடை 35 டன் என்று வைத்துக்கொள்வோம். அதையும் 22.5-ஆல் வகுத்தால் ஒன்றரை டன் வரும்! அந்த எடையில் ஒரு மீட்டர்கூட இல்லாத படகு கல்லாய் மூழ்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால் 22.5-ஐ மூன்று முறை பெருக்கி, வரும் 11,390-ஆல் வகுக்க வேண்டும். விடை சுமார் 3 கிலோ.

வெறும் பிளைவுட் படகு ஒரு கிலோகூட இருக்காது. இந்தப் படகு ஒரு சென்டிமீட்டர் ஆழம் இறங்க ஏறக்குறைய 850 கிராம் தேவை. ஆகவே காலிப் படகு இலைபோல நீரின் மேல் நிற்கும். இரண்டு கிலோவுக்கு மேல் பாரம் வைத்தால்தான் சரக்கேற்றிய படகுபோல மூன்றரை சென்டிமீட்டர் அமிழும். அந்தப் பாரத்தை எங்கே வைப்பது? இரண்டாம் குழுவின் நோட்டுப் புத்தகத்தில் அது எழுதியிருந்தது. கூரைக்கு அருகில் வைத்தபோது கவிழ்ந்தது. அடித்தட்டில் பரப்பியபோது நிமிர்ந்தது. சில கிராம் ஓரமாக நகர்ந்ததால் சாய்ந்தது. மூன்று முறை கவிழ்ந்ததையும் மறைக்காமல் எழுதியிருந்தார்கள். நாங்கள் அந்த நோட்டைப் புரட்டினோம்; மதிப்பெண் தரவில்லை.

வேகத்திலும் தண்ணீர் நம்மைச் சோதிக்கும். மாதிரி ரயிலின் வேகத்தை 22.5-ஆல் வகுப்பது வழக்கம். மணிக்கு 4.8 கிலோமீட்டர் செல்லும் படகை அப்படிக் கணக்கிட்டால் வினாடிக்கு 6 சென்டிமீட்டர் வரும். ஆனால், உண்மைப் படகு எழுப்பும் அலையின் வடிவம் மாதிரியிலும் தோன்ற வேண்டுமானால் 22.5-இன் வர்க்கமூலத்தால், அதாவது சுமார் 4.7-ஆல் வகுக்க வேண்டும். அப்போது வினாடிக்கு 28 சென்டிமீட்டர். இந்த விதியை நிலைநாட்டியவர் வில்லியம் ஃபுரூட். 1870-களில் டார்க்கீ நகரில் நீர்த்தொட்டி கட்டி, மெழுகு மாதிரிகளை இழுத்துச் சோதித்தவர். அதற்கு முன் அவர் ரயில் பாதைப் பொறியாளர் என்பது கூடுதல் சுவை.

“கண்காட்சியில் தண்ணீர் சிந்தும், இடம் போதாது, பார்வைக்கு அழகு வேண்டாமா?” என்று ஆசிரியர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். முதல் குழுவின் கைவண்ணத்தையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால், ஒட்டிய படகு தவறே செய்ய முடியாது. அதன் எடை 300 கிராமோ 30 கிலோவோ, யாருக்கும் தெரியப்போவதில்லை. தவறு வெளிப்பட வழியே இல்லாத ஒன்றைக் கைவினை என்று பாராட்டலாம். அறிவியல் சோதனை என்று பரிசளிக்கலாமா?

பள்ளிகள் மேசைக்குப் பக்கத்தில் ஒரு தொட்டி வைக்கட்டும். மதிப்பெண்ணில் ஒரு பகுதியைச் சோதனைக் குறிப்புக்கு ஒதுக்கட்டும். மாணவர்களே, உங்களுக்குத் தேவை ஒரு சமையலறைத் தராசும் ஒரு நோட்டும்தான். படகு சாய்ந்தால் வெட்கப்படாதீர்கள். எந்தப் பக்கம், எத்தனை கிராம் என்று எழுதி வையுங்கள். இனி எங்கேனும் நடுவராக வந்தால், நான் முதலில் கேட்கப்போவது அந்த நோட்டைத்தான்.