பிள்ளைக்கு ஏது பொங்கல்?

ஒரு வயசு நிறையாத பிள்ளையைத் தூக்கிக்கிட்டு பொங்கலுக்கு ஊருக்கு வரலாம்னு இருக்கிறவங்களுக்காக இதை எழுதுறேன். சொல்ல வந்ததை முதல்லயே சொல்லிடுறேன். பிள்ளையைக் கட்டாயம் கூட்டிட்டு வாங்க. ஆனா பொங்கல் நெரிசல்ல வராதீங்க. பொங்கல் கழிச்சு, தை பாதிக்கு மேல வாங்க. வந்தா ஒரே வீட்டுல பத்து நாள் தங்குங்க. நாலு நாளைக்கு மூணு ஊர்னு பிள்ளையை ஊர்வலம் விடாதீங்க.

இதைச் சொன்னா எங்க ஊர்லயே என் மேல கோபப்படுவாங்க. "பேரன் முகம் பாக்காத பொங்கல் என்னய்யா பொங்கல்?"னு கேப்பாங்க. நியாயமான கேள்விதான். அதுக்கும் வாரேன்.

இந்த ஓட்டம் எங்க இருந்து வருதுன்னு பாருங்க. எங்க பக்கம் தலைப்பிரசவம் பொண்ணு வீட்டுலதான். பிள்ளை பிறந்து மூணு மாசமோ அஞ்சு மாசமோ அம்மாச்சி கையில இருக்கும். அப்புறம் நேரா சென்னை, திருப்பூர், கோயமுத்தூர்னு அப்பன் வேலை பாக்கிற ஊருக்குப் போயிரும். அப்பத்தாக்காரி பிள்ளையை ஆஸ்பத்திரியில ஒரு தடவை, பேர் வைக்கையில ஒரு தடவை பாத்திருப்பா. மத்ததெல்லாம் போன்லதான். அதனால முதப் பொங்கல் எங்க வீட்டுலதான்னு அவ சொல்லுவா. எம்புட்டு நாள் வளத்து அனுப்பினோம், மாட்டுப்பொங்கலுக்காவது வரக் கூடாதான்னு அம்மாச்சி கேப்பா. வந்ததுதான் வந்தீங்க, குலசாமிக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துருங்கன்னு பெரியவங்க சொல்லுவாங்க. காணும் பொங்கல் ராத்திரி திரும்பிப் போக டிக்கெட் போட்டிருக்கும். ஆக ஆளுக்கு ஒரு நாள் பங்கு வச்சாச்சு. பிள்ளைக்குத்தான் தூங்க ஒரு நாளும் இல்ல.

முதல்ல பயணத்தை எடுத்துக்குவோம். சென்னையில இருந்து அருப்புக்கோட்டை 500 கிலோமீட்டருக்கு மேல. சிலம்பு எக்ஸ்பிரஸ் மானாமதுரை, அருப்புக்கோட்டை, விருதுநகர் வழியா செங்கோட்டை போகுது. நல்ல வண்டிதான். ஆனா அது தினசரி வண்டி இல்ல. 2024 நவம்பர்ல இருந்து ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்குது. பொங்கல் தேதிக்குக் கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள காத்திருப்புப் பட்டியல் வந்துரும். அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம், அதனால தனிப் படுக்கையும் கிடையாது. தாயும் பிள்ளையும் ஒரே பலகையில ஒடுங்கிப் படுக்கணும். 2022 மே மாசம் லக்னோ மெயில்ல கீழ்ப்படுக்கையோட ஒட்டி மடக்குற மாதிரி ஒரு குட்டிப் படுக்கை வச்சு சோதிச்சுப் பாத்தாங்க. நம்ம பக்க வண்டியில அப்படி ஒண்ணை நான் இன்னும் கண்ணால பாக்கல.

ரயில் கிடைக்கலைன்னா பஸ். 2023 டிசம்பர் கடைசியில கிளாம்பாக்கம் நிலையம் திறந்த பிறகு தெக்க வார பஸ்ஸெல்லாம் அங்க இருந்துதான். வடசென்னையில குடியிருக்கிற ஆளு கைப்பிள்ளையோட கிளாம்பாக்கம் வந்து சேரவே பாதி உசுரு போயிரும். அதுக்கப்புறம் பொங்கல் ராத்திரி நெரிசல்ல வண்டி மதுரை எப்பத் தொடும்னு டிரைவருக்கே தெரியாது. 2015-ல பஸ் ஸ்டாண்டுகள்ல பாலூட்டுற அறை திறந்தாங்க. நல்ல காரியம். ஆனா பஸ் நடுரோட்டுல நிக்கையில அந்த அறை எதுக்கு ஆகும்? காருன்னா சுகம்தானேன்னு கேக்கலாம். முன்சீட்டுல தாய் மடியில பிள்ளையை வச்சுக்கிட்டு, தூக்கக் கலக்கத்துல ஒருத்தர் ஓட்டுற காரை நான் சுகம்னு சொல்ல மாட்டேன். பிள்ளைக்குத் தனி இருக்கை போட்டு, பின்சீட்டுல கட்டி, பகல்ல நின்னு நின்னு வாரதுன்னா சரி.

அடுத்தது, வந்து சேந்த பிறகு நடக்கிறது. எட்டு மாசத்துப் பிள்ளைக்கு வேத்துமுகம் தெரிய ஆரம்பிக்கும். பழகாத மூஞ்சியக் கண்டா உதட்டைப் பிதுக்கும், அப்புறம் வீறிட்டு அழும். இது நோவும் இல்ல, திமிரும் இல்ல. தன் ஆளு யாரு, அடுத்த ஆளு யாருன்னு பிரிச்சுப் பாக்கிற அறிவு வந்துருச்சுன்னு அர்த்தம். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனா ஆறு மாசமா நாளை எண்ணிக்கிட்டுக் கிடந்த அப்பத்தாவுக்கு அது அப்படித் தெரியுமா? "என்னையக் கண்டாலே அழுகுதே, பிள்ளையை என்ன சொல்லி வளத்தாங்களோ"ன்னு மருமக மேல ஒரு பார்வை விழும். போன வருசம் என் பேத்தி வந்திருந்தப்ப முதல் ரெண்டு நாள் என் மீசையப் பாத்தே அழுதா. மூணாம் நாள் தூரத்துல உக்காந்து என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா. நாலாம் நாள் ஆட்டுக்குட்டியக் காட்டவும் கைய நீட்டிக்கிட்டு என்கிட்ட வந்துட்டா. அதுக்குப் பிறகு இறங்கவே இல்ல. நாலாம் நாள் சாயங்காலமே டிக்கெட் போட்டிருந்தா, அழுத முகம் மட்டும்தான் எனக்கு மிஞ்சியிருக்கும். பத்து நாள் தங்குங்கன்னு நான் சொல்றதுக்குக் காரணம் இதுதான். உறவுங்கிறது பிள்ளைக்கு மூணு நாள் கழிச்சுத்தான் தொடங்குது.

கிராமத்துக் காத்து பிள்ளைக்கு நல்லதுன்னு சொல்லுவாங்க. உண்மைதான், ஆனா எல்லா மாசமும் இல்ல. மார்கழி கடைசியில அதிகாலைப் பனி இறங்கும். போகி அன்னைக்கு நாங்க வேப்பிலை, ஆவாரம்பூ, சிறுபூளை வச்சுக் காப்புக் கட்டுறோம், அதுல ஒண்ணும் கெடுதல் இல்ல. இப்போ டவுனப் பாத்து இங்கயும் பழைய பாய், பிளாஸ்டிக்னு கொளுத்துறாங்க, அந்தப் புகை பச்சைப் பிள்ளைக்கு ஆகாது. ஐப்பசி கார்த்திகையில நல்ல மழை பேஞ்ச வருசம்னா கம்மாயில தண்ணி கிடக்கும், கொசுவும் கிடக்கும். குதிரைவாலி, உளுந்து, பாசிப்பயறு அறுத்து களத்துல போடுற நேரம் வேற. களம் இல்லாத இடத்துல தார் ரோட்டுலயே போட்டுக் காய வைப்போம். அந்தத் தூசியில எனக்கே மூக்கு ஒழுகும்.

இன்னொண்ணும் சொல்லணும். பொங்கல் உங்களுக்கு லீவு. மானாவாரிக்காரனுக்கு அது வேலைக்கு நடுவுல வார மூணு நாள். புரட்டாசியில விதைச்சதுக்குக் கணக்குப் பாக்கிற நேரம் அது. ஆள் கிடைக்காது, மெசின் கிடைச்சா உடனே அறுக்கணும். அப்பத்தா பாதி நாள் புஞ்சையில நிப்பா. வந்தவங்களுக்கு ஆக்கிப் போட்டு, பொங்கல் வச்சு, பிள்ளையையும் கொஞ்சணும்னா எந்நேரம் கொஞ்சுவா? தை பாதிக்கு மேல பயறு வகையெல்லாம் வீடு வந்துரும். பருத்தி எடுப்பு, மொளகா எடுப்பு சூடு பிடிக்க மாசி ஆகும். அந்த இடைவெளியிலதான் எங்களுக்குக் கை காலியா இருக்கும். வெயிலும் ஏறியிருக்காது, பனியும் குறைஞ்சிருக்கும், ரயில்லயும் இடம் கிடைக்கும்.

இதுல ரொம்பப் பாடுபடுறது பிள்ளையைப் பெத்தவதான். ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சுப் பால் கொடுத்தவ, காலையில அஞ்சு மணிக்கு வாசல்ல கோலம் போடணும்னு எதிர்பாக்கிறோம். 2017-ல சட்டத்தைத் திருத்தி முதல் ரெண்டு பிள்ளைக்குச் சம்பளத்தோட 26 வாரம் லீவுன்னு ஆக்கினாங்க. ஆடியில பிறந்த பிள்ளைன்னா அந்த 26 வாரம் சரியா தைப்பொங்கலை ஒட்டித்தான் முடியும். பிள்ளையை விட்டுட்டு வேலைக்குத் திரும்பணுமேங்கிற கவலையோட அவ நிக்கிற நேரத்துல, மூணு ஊருக்குப் பையத் தூக்குன்னா எப்படி?

இப்போ முதல்ல கேட்ட கேள்விக்கு வாரேன். "எனக்கு வயசு எழுபத்தஞ்சு, அடுத்த பொங்கலுக்கு இருப்பேனோ மாட்டேனோ?" இதுக்கு எதிர்ப்பேச்சுப் பேச என்கிட்ட வார்த்தை இல்ல. அப்படி ஒரு பெரியவர் வீட்டுல இருந்தா, பொங்கலோ அமாவாசையோ, கிளம்பி வாங்க. ஆனா அவர் இருக்கிற வீட்டுக்கு மட்டும் வாங்க. மத்த சொந்தமெல்லாம் அங்க வந்து பாத்துட்டுப் போகட்டும். பிள்ளை ஊரைச் சுத்த வேண்டாம், ஊரு பிள்ளையைச் சுத்தி வரட்டும்.

கம்பெனியில பொங்கலுக்குத்தான் லீவு தாரான், பின்னாடி எப்படி வாரதுன்னு கேப்பீங்க. இதுவும் உண்மை. மத்திய அரசு வேலையில இருக்கிற அப்பனுக்கே 15 நாள்தான். தனியார்ல அதுக்குச் சட்டமே இல்ல. அப்படின்னா நாலு நாளையும் ஒரே வீட்டுல கழிங்க. இந்த வருசம் அப்பத்தா வீடு, அடுத்த வருசம் அம்மாச்சி வீடு. கோவிச்சுக்கிடுறவங்க ரெண்டு நாள் கோவிச்சுட்டு சரியாயிருவாங்க.

பெரியவங்களே கிளம்பிப் போறதும் ஒரு வழி. திருச்சுழியில 1879 டிசம்பர் 30-ல, திருவாதிரை ராத்திரியில ஒரு பிள்ளை பிறந்துச்சு. பின்னாடி ரமண மகரிஷின்னு உலகத்துக்கே தெரிஞ்சவர் ஆனார். 1896-ல மதுரையில இருந்து திருவண்ணாமலைக்குப் போனவர் வீடு திரும்பவே இல்ல. கடைசியில அம்மா அழகம்மாள்தான் மகன் இருந்த இடத்துக்குப் போய்ச் சேந்தாங்க. அவர் கதை வேற, நம்ம கதை வேற. ஆனா பிள்ளை இருக்கிற இடத்துக்குப் பெரியவங்க போறது எங்க மண்ணுக்குப் புதுசு இல்லன்னு சொல்ல வந்தேன். மாட்டையும் ஆட்டையும் பாத்துக்கிட ஆள் இல்லைன்னு நாங்க சொல்றது பாதி நிசம், பாதி சாக்கு. பக்கத்து வீட்டுல சொல்லிட்டு ஒரு வாரம் போயிட்டு வரலாம்.

குலசாமி? மாசி சிவராத்திரிக்கு எங்க பக்கம் ஊரே திரும்பி வரும். முடியிறக்கி, தாய்மாமன் மடியில உக்கார வச்சுக் காது குத்தணும்னு ஆசை இருக்கும். ஆனா ஒத்தப்படை வயசுன்னுதானே வழக்கம். ஒண்ணுல முடியலைன்னா மூணுல செய்யலாம். இதுக்கு வழக்கத்துலயே இடம் இருக்கு. அவசரப்படுத்துறது சாமி இல்ல, நாமதான்.

ஊர்ல இருக்கிற எங்க ஆளுகளுக்கும் நாலு வார்த்தை. வந்த பிள்ளையை உடனே கையில வாங்காதீங்க, அதுவா வரட்டும். கன்னத்துல முத்தம் வேண்டாம், காலைத் தொட்டுக் கொஞ்சுங்க. இருமல் சளி இருந்தா தள்ளி நில்லுங்க. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் போதும், தண்ணி கூட வேண்டாம். பிள்ளைக்கு நல்லதுன்னு தேனைத் தொட்டு நாக்குல வைக்கிறதை விட்டுருங்க, ஒரு வயசுக்குள்ள தேன் ஆபத்துன்னு டாக்டருங்க சொல்றது சும்மா இல்ல. தேன்ல இருக்கிற ஒரு கிருமியோட விதை சின்னப் பிள்ளை குடல்ல முளைச்சு நரம்பைத் தாக்கிரும். வசம்பு கையில கட்டுறதோட இருக்கட்டும், உரசி ஊத்த வேண்டாம். நல்ல பழைய சேலையில தொட்டில் கட்டுங்க, கொசுவலை போடுங்க. அதுதான் நாம கொடுக்கிற பெரிய சீர்.

வாரவங்க தடுப்பூசி அட்டையை மறக்காம எடுத்துட்டு வாங்க. ஆறு, பத்து, பதினாலாவது வாரத்து ஊசியும், ஒன்பது மாசத்து ஊசியும் பயண நேரத்துல வந்தா தள்ளிப் போட வேண்டியதில்ல. எங்க ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் புதன்கிழமை போடுறாங்க, காசு கிடையாது. சென்னை அட்டைன்னு திருப்பி அனுப்ப மாட்டாங்க.

பொங்கப் பானை, கரும்பு, மாட்டுக் கொம்புக்குப் பூசுற வண்ணம் எல்லாம் பிள்ளைக்கு ஞாபகம் இருக்காது. மூணு வயசுல கூட்டிட்டு வந்தீங்கன்னா அதுவே குலவை போடும், மாட்டு வாலைப் பிடிச்சு இழுக்கும். அந்தப் பொங்கல்தான் அதுக்கு முதப் பொங்கல். அதுவரைக்கும் அதுக்குத் தேவை தூக்கம், பால், பழகின மடி. தை பாதிக்கு மேல வாங்க, மடி காலியா இருக்கும்.